நாலு ஆடி விடுமுறை, ஒரு பழைய போன்: வைஃபை கோலிங் பாவித்த அனுபவம்

"இந்த முறை மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தத்துக்குப் பிள்ளைகளோட வாறம். போனுக்கு ரோமிங் போட்டுட்டு வாறதா, கட்டுநாயக்கா விமான நிலையத்தில சிம் எடுக்கிறதா, வட்ஸ்அப் மட்டும் காணுமா?" என்று லண்டனில் இருக்கும் சிநேகிதர் ஒருவர் கேட்டிருந்தார். சிம் எடுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கடவுச்சீட்டைக் காட்டி வருகைக் கூடத்திலேயே எடுக்கலாம். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போய்த் தங்குவதென்றால், அந்த ஊரில் எந்தச் சிம்முக்குக் கவரேஜ் இருக்கிறதென்று சொந்தக்காரரிடம் முதலே கேட்டுவிட்டு எடுங்கள். மட்டக்களப்பில் எந்தச் சந்தியிலும் ரீலோட் போடலாம்.

காசு போவது அந்தச் சிம்மில் இல்லை. நீங்கள் கொண்டுவரும் வெளிநாட்டு நம்பரில்தான் போகிறது. வங்கியின் ஓடிபி, வேலையிடத்து அழைப்பு, ஆஸ்பத்திரித் திகதி மாற்றம் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். சிலர் அதை ரோமிங்கில் விட்டுவிட்டுப் பில்லைப் பார்த்துத் திடுக்கிடுகிறார்கள். சிலர் சிம்மைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, ஓடிபி இல்லாமல் வங்கிக் கணக்கைத் திறக்க வழியின்றி நிற்கிறார்கள். ஐரோப்பாவில் 2017 ஜூனில் வந்த ரோமிங் சலுகை இங்கும் உண்டென்று நினைத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். அது இலங்கைக்குப் பொருந்தாது. இலங்கையில் நீங்கள் எடுக்கும் கோலுக்கு மட்டுமல்ல, உங்களுக்கு வரும் கோலுக்கும் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

நாலு ஆடி விடுமுறையாகப் பாவிக்கும் முறை இது. வெளிநாட்டுச் சிம், மாற்றிப் போட்ட பழைய போன் ஒன்றுக்குள் போகும். அந்தப் போன் ஃபிளைட் மோட்டில் இருக்கும், வைஃபை மட்டும் திறந்திருக்கும், வைஃபை கோலிங், அதாவது உங்கள் நம்பரின் கோலை மொபைல் டவருக்குப் பதிலாக வைஃபை வழியாகக் கொண்டுபோகும் வசதி, போட்டிருக்கும். கல்லடியில் வீட்டு விறாந்தை மேசையில் அதை வைத்துவிட்டால் பழைய லேண்ட்லைன் மாதிரி ஓர் இடத்தில் கிடந்து மணியடிக்கும். கையில் கொண்டு திரியும் நல்ல போனுக்குள் இலங்கைச் சிம்.

புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்பே இதைச் செய்யுங்கள். பழைய போனில் சிம்மைப் போட்டு, ஐபோன் என்றால் செட்டிங்ஸில் செலுலார் பகுதிக்குள் போனால் வைஃபை கோலிங் இருக்கும். அன்ட்ரொய்டில் பெரும்பாலும் கோல் செட்டிங்ஸுக்குள் இருக்கும். அந்தத் தெரிவே கண்ணில் படாவிட்டால், உங்கள் நிறுவனம் அந்தப் போன் மொடலை அங்கீகரிக்கவில்லை, அல்லது உங்கள் பக்கேஜில் அந்த வசதி இல்லை. வேறு போன் தேட அப்போதுதான் நேரம் இருக்கும். கனடா, அமெரிக்கச் சிம் என்றால் அவசர முகவரி ஒன்று கேட்கும், அதையும் அங்கேயே நிரப்பிவிடுங்கள். முதல் தடவை இயக்குவதை மட்டக்களப்புக்கு வந்து செய்யலாமென்று விட்டால் பல நேரம் சரிவராது. வீட்டிலேயே ஃபிளைட் மோட் போட்டு, வைஃபையைத் திறந்து, ஒரு கோல் எடுத்தும் ஒரு கோல் வரவைத்தும் ஒரு மெசேஜ் வரவைத்தும் பாருங்கள். மூன்றும் சரியென்றால் போன் தயார். ஆனால் வெளிநாட்டிலிருந்து வைஃபை கோலிங்கை அனுமதிக்காத நிறுவனங்களும் உண்டு. இதை மட்டும் அவர்களிடமே நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அனுமதிக்கும் நிறுவனமென்றால், அந்தப் போன் மட்டக்களப்பில் இருந்தாலும் கணக்கு பெரும்பாலும் லண்டனில் இருப்பதுபோலத்தான் ஓடும். உங்கள் பக்கேஜில் உள்ள நிமிடங்களிலேயே கோல் போகும். வரும் கோலுக்குக் காசில்லை. இதில் எதிர்பாராமல் கிடைத்த பெரிய வசதி இலவச நம்பர்கள். வங்கியின் 0800 நம்பருக்கு இலங்கைச் சிம்மிலிருந்து அடித்தால் ஒன்றில் போகாது, போனாலும் சர்வதேசக் கட்டணம். இந்தப் போனில் அது இலவசம்தான். முக்கால் மணித்தியாலம் பாட்டுக் கேட்டுக்கொண்டு வரிசையில் நின்றாலும் ஒரு சதம் போகாது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குசினி வேலையைப் பார்க்கலாம். கோடை காலத்தில் லண்டன் காலை 9 மணி இங்கே பிற்பகல் 1.30, டொரொன்டோ காலை 9 மணி இங்கே மாலை 6.30. அதைக் கணக்கிட்டு, அலுவலகம் திறந்தவுடன் அடித்தால் வரிசை குறைவு.

ஆனால் அந்தப் போனில் ஊர் நம்பருக்கு அடிக்காதீர்கள். பக்கத்து வீட்டு மச்சானுக்கு அடித்தாலும் அது லண்டனிலிருந்து இலங்கைக்கு எடுத்த கோலாகத்தான் பில்லில் ஏறும். 077, 071, 065 எல்லாம் கையில் உள்ள இலங்கைச் சிம்மிலிருந்து மட்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைத் தெளிவாகச் சொல்லி வைக்க வேண்டும். அவசரத்துக்கும் இதே விதி. 1990 அம்புலன்ஸையோ 119 பொலிஸையோ இலங்கைச் சிம்மிலிருந்து அழையுங்கள். வைஃபை கோலிங்கில் அவசர அழைப்பு எந்த நாட்டுக்குப் போய்ச் சேருமென்று நம்பி இருக்க முடியாது.

இனி, நாலு வருசமாகப் பொறுக்க முடியாமல் இருக்கும் விசயம். ஃபிளைட் மோட் போடாமல் வைஃபை கோலிங்கை மட்டும் நம்பினால், வைஃபை போன அடுத்த நொடியே போன் ரோமிங்குக்கு மாறிவிடும். ஒரு சத்தமில்லை, ஒரு எச்சரிக்கை இல்லை. திரையின் மேல் மூலையில் நிறுவனப் பெயருக்குப் பக்கத்தில் வைஃபை என்று சின்னதாக ஒரு சொல் இருக்கும். அது மறைவதுதான் ஒரேயொரு அடையாளம். சில போன்களில் அதுகூட மேலே தெரியாது, திரையை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டிய அளவிலான எழுத்தில் ஒரு குடும்பத்தின் பில் தொங்குகிறது. விறாந்தையில் கதைத்துக்கொண்டிருந்தவர் எழும்பிக் கிணற்றடிக்கு நடந்தால் போதும். இரண்டு சுவர் தாண்டியதும் வைஃபை நலிந்து, அந்த நெட்வேர்க்கில் வசதி இருந்தால் கோல் அறுபடாமலே ரோமிங்கில் ஏறிவிடும். அறுந்து போனாலாவது ஆளுக்கு விளங்கும். அறுபடாமல் போவதுதான் ஆபத்து. "வைஃபை இல்லாவிட்டால் கோலே வேண்டாம்" என்று ஒரு தெரிவை எல்லாப் போனிலும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? சில அன்ட்ரொய்ட் போன்களில் வைத்திருக்கிறார்கள். ஆக, செய்ய முடியாத வேலை ஒன்றுமில்லை. செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

மட்டக்களப்பில் இதைக் கூட்டிவிடுவது கரண்ட். கரண்ட் போனால் ரவுட்டர் நிற்கும், ரவுட்டர் நின்றால் போன் ரோமிங்குக்குத் தாவும். ஃபிளைட் மோட்டில் இருந்தால் தாவ இடமில்லை, மணி அடிக்காது, அவ்வளவுதான். அதனால்தான் ஃபிளைட் மோட் கட்டாயம் என்கிறேன். ஒரே போனில் இரண்டு சிம்மையும் போட்டால் ஃபிளைட் மோட் இலங்கைச் சிம்மையும் சேர்த்து அணைத்துவிடும். அதனால்தான் பழைய போன் தனியாகத் தேவை. கரண்ட் போகும்போதும் கோல் வர வேண்டுமென்றால் ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போடலாம், 2022 மின்வெட்டுக் காலத்தில் எல்லோரும் தேடி வாங்கிய அதே பெட்டிதான். வாங்கமுன் ரவுட்டரின் அடப்டரைத் திருப்பி, அதில் எழுதியுள்ள வோல்ட், அம்பியர் இரண்டையும் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். அந்தப் பெட்டிகள் பலவற்றில் 9 வோல்ட் துளையும் பக்கத்திலேயே இருக்கும், மாறிச் செருகினால் ரவுட்டர் எழும்பாது. ஃபைபர் வீடுகளில் சில இடங்களில் இரண்டு பெட்டி இருக்கும். ஒன்றுக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்தால் வைஃபை அடையாளம் காட்டும், இன்டர்நெட் இருக்காது.

அடுத்த ஓட்டை வொய்ஸ்மெயில். வைஃபையில் வராத ஓடிபிக்காக ஃபிளைட் மோட்டை எடுக்கும் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு கோல் வந்து, நீங்கள் அதை எடுக்காமல் விட்டாலும் காசு போகலாம். கோல் இலங்கை வரைக்கும் வந்து, இங்கே அடித்து, பிறகு வொய்ஸ்மெயிலுக்காகத் திரும்ப உங்கள் நாட்டுக்குப் போகிறது. வந்ததற்கும் திரும்பியதற்கும் கட்டணம் விழலாம். இதை நிறுத்தப் புறப்பட முதல் வீட்டிலிருந்தே *#61# அடியுங்கள். எடுக்காத கோல் எந்த நம்பருக்குத் திருப்பப்படுகிறதென்று காட்டும், அதை எழுதி வையுங்கள். பிறகு ##61# அடித்தால் எடுக்காத கோலைத் திருப்புவது நிற்கும், ##67# அடித்தால் லைன் பிஸியாக இருக்கும்போதும் கோலை வெட்டும்போதும் திருப்புவது நிற்கும். 62 ஐத் தொடாதீர்கள். அது போன் தொடர்பிலேயே இல்லாதபோது திருப்புவது. அந்தக் கோல் வழக்கமாக உங்கள் நாட்டைவிட்டு வெளியே வருவதில்லை, அப்போது ரோமிங் கட்டணமும் இல்லை. வலையில் பலர் ##002# அடிக்கச் சொல்கிறார்கள். அது எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிடும், தேவையான 62 உம் போய்விடும்.

ஓடிபி மெசேஜ் பெரும்பாலும் வைஃபையிலேயே வந்துவிடுகிறது. ஆனால் சில வங்கிகளின் குறு நம்பரிலிருந்து வருவது வைஃபையில் வராமல் நிற்கும். அப்போது டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபிளைட் மோட்டை எடுத்து, மெசேஜ் வந்தவுடன் திரும்பப் போடுங்கள். ரோமிங்கில் மெசேஜ் பெறுவதற்கு வழக்கமாகக் கட்டணமில்லை.

பாசிக்குடா, அறுகம்பைப் பக்கம் விடுதியில் தங்கினால் வைஃபை இருக்கும், வைஃபை கோலிங் மட்டும் சில இடங்களில் வேலை செய்யாது. போனில் பிழை இல்லை. வைஃபை கோலிங் உங்கள் நிறுவனத்தின் வாசல்வரை ஐபிசெக் என்ற பூட்டிய குழாய் ஒன்றைப் போட்டுத்தான் போகும். அதற்கு யூடிபி 500, 4500 என்ற இரண்டு வழி திறந்திருக்க வேண்டும். விடுதிகள் சில அதை அடைத்து வைத்திருக்கும். வீட்டு ரவுட்டரிலும் அந்தக் குழாயைப் போகவிடும் ஐபிசெக் பாஸ்த்ரூ என்ற தெரிவு அணைந்திருந்தால் இதே கதைதான். மாற்று வழி, கையில் உள்ள போனின் ஹொட்ஸ்பொட். இலங்கைச் சிம்மின் டேட்டாவில் பழைய போன் நன்றாகவே வேலை செய்யும், கோலுக்கு டேட்டாவும் அதிகம் பிடிக்காது. பழைய போன் சும்மா கிடந்தால் ஹொட்ஸ்பொட் கொஞ்ச நேரத்தில் தானாக அணையும் போன்கள் உண்டு. முக்கியமான கோலுக்குக் காத்திருக்கும்போது இதைக் கவனியுங்கள்.

வட்ஸ்அப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். புதுச் சிம் போட்டதும் நம்பரை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பழைய நம்பரிலேயே ஓடும். ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா பகுதியில் கோலுக்குக் குறைந்த டேட்டா என்ற தெரிவைப் போட்டால் சிக்னல் குறைந்த இடத்திலும் குரல் நிற்கும். டுபாயில் இருக்கும் உறவுகளுக்கு வட்ஸ்அப் கோல் போகாது, அங்கே தடை. அவர்கள் பொட்டிம் என்ற செயலியைப் பாவிக்கிறார்கள். லேண்ட்லைனுக்கு அடிக்க ஸ்கைப்பை நம்பியிருந்தவர்களுக்கு, 2025 மே 5 உடன் அது மூடப்பட்டுவிட்டது. வைபர் அவுட் மாதிரி ஒன்றுக்குத்தான் மாற வேண்டும். ஐபோனில் இலங்கைச் சிம் போட்டவுடன் ஐமெசேஜை இயக்க வெளிநாட்டுக்கு ஒரு மெசேஜ் தானாகப் போகும், ரீலோட்டில் கொஞ்சம் குறைந்தால் காரணம் அதுதான்.

போனை நாள் முழுக்கச் சார்ஜரில் போட்டு வைக்காதீர்கள். ஆடி வெக்கையில் பழைய பற்றறி ஊதிவிடும். யன்னலோரம் வேண்டாம், காலையும் இரவும் ஒருக்கால் சார்ஜ் ஏற்றினால் காணும்.

காசுக் கணக்கை மட்டும் பார்த்தால் ஐந்துக்கு நாலரைப் புள்ளி கொடுக்க வேண்டும். நான் கொடுப்பது இரண்டு. விமானத்தால் இறங்கிய களைப்பில் ஃபிளைட் மோட்டை எடுத்துவிட்டுத் திரும்பப் போட மறந்த ஒருவரை, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் கட்டணத்துக்குள் தள்ளும் ஏற்பாட்டுக்கு அதற்கு மேல் கொடுக்க மனமில்லை. அறுபது தாண்டிய அம்மா அப்பா தனியாக வருகிறார்களென்றால் இந்த வழி வேண்டாம். வெளிநாட்டுச் சிம்மைக் கழற்றி, ஓடிபியை அங்கிருக்கும் பிள்ளையின் நம்பருக்கு வரச்செய்ய வங்கி அனுமதிக்குமா என்று கேளுங்கள். சிநேகிதருக்கு மட்டும், அவர் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்க்கக் கூடியவர் என்பதால், பழைய போனைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். திரும்பிப் போனதும் **61* அடித்து, எழுதி வைத்த நம்பரைப் போட்டு, # அடித்தால் வொய்ஸ்மெயில் பழையபடி வரும். 67 க்கும் அப்படியே.