பீட் போட பெட்டியா, கம்ப்யூட்டரா?

"அண்ணா, கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு. எம்பிசி வாங்கிடவா, இல்ல லேப்டாப்லயே ஓட்டவா?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டான். மூன்று வருடமாக எஃப்எல் ஸ்டுடியோ என்ற மென்பொருளில் பீட், அதாவது ராப் பாட்டுக்கான பின்னணித் தாள இசை, போடுகிறவன், நல்ல காது உள்ளவன். "உன் லேப்டாப்பில் பாதியில் நிற்கிற ப்ராஜெக்ட் எத்தனை இருக்கு?" என்று கேட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "எழுபதுக்கு மேல இருக்குண்ணா" என்றான். அவனுக்கு அன்று போனில் சொல்ல முடியாத பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பெட்டி என்று நான் சொல்வது கம்ப்யூட்டர் துணை இல்லாமல் தனியாக ஓடும் சாம்ப்ளரை. அகாயின் எம்பிசி வரிசை, ரோலண்டின் எஸ்பி-404, எலெக்ட்ரானின் டிஜிடாக்ட், டீனேஜ் எஞ்சினியரிங்கின் கே.ஓ. 2 எல்லாம் இந்த வகை. ஒலியைப் பதிவுசெய்து, துண்டு போட்டு, ரப்பர் பேடுகளில் ஏற்றி விரலால் தட்டி வாசிக்கலாம். அந்தப் பக்கம் எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், லாஜிக், ரீப்பர் போன்ற மென்பொருட்கள். இரண்டிலும் பல வருடம் வேலை செய்திருக்கிறேன். இரண்டும் எனக்கு வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

முதலில் ஒரு பழைய கதை. 1987-இல் ஈ-மியூ நிறுவனம் எஸ்பி-1200 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. ஒலியின் துல்லியம் குறைவு: 12 பிட், சுமார் 26 கிலோஹெர்ட்ஸ். மொத்தமே பத்து விநாடி ஒலியைத்தான் வைத்துக்கொள்ளும், அதிலும் ஒரு துண்டு இரண்டரை விநாடியைத் தாண்டக் கூடாது. நியூயார்க்கின் ஹிப்ஹாப் தயாரிப்பாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓடவேண்டிய இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிவுசெய்வார்கள். அப்படிச் செய்தால் சுமார் மூன்றரை விநாடி இசை இரண்டரை விநாடிக்குள் அடங்கிவிடும். அப்புறம் பெட்டிக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். இறக்கும்போது ஒலியில் ஒரு சொரசொரப்பு ஏறும். அந்தச் சொரசொரப்புதான் அந்தக் கால ஹிப்ஹாப்பின் முகம் ஆனது. நினைவகம் போதாமல் செய்த வேலையை இன்று நாம் அழகு என்று தேடிப் போகிறோம்.

அடுத்த வருடமே, 1988-இல், ரோஜர் லின் வடிவமைத்த எம்பிசி60-ஐ அகாய் வெளியிட்டது. நான்குக்கு நான்கு என்று பதினாறு பேடுகள். இன்றுவரை எல்லாரும் பின்பற்றுவது அந்த அமைப்பைத்தான். ஹிப்ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா பயன்படுத்திய எம்பிசி3000 இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை ஒரு வாத்தியமாக மதித்து அங்கே வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

சரி, ஒலி விஷயத்தில் பெட்டிதான் உசத்தி என்பார்களே, அது உண்மையா? பழைய 12 பிட் பெட்டிகளுக்கு உண்மை. இப்போது கடையில் கிடைப்பவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை. 2017 முதல் வந்த எம்பிசி லைவ், எம்பிசி ஒன் எல்லாமே உள்ளே லினக்ஸ் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர்கள்தான். பழைய இசைத்தட்டு மாதிரிக் கேட்கவைக்கும் எஸ்பி-404-இன் வினைல் எஃபெக்டுக்குத் தனி ருசி உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பக்கத்தில் வரக்கூடிய ப்ளக்-இன்கள், அதாவது மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்கள், கம்ப்யூட்டரிலும் இருக்கின்றன. ஒலிக்காக மட்டும் பெட்டி வாங்குவதாக இருந்தால் அந்தக் காசில் ஒரு நல்ல மைக் வாங்குங்கள்.

வித்தியாசம் இருப்பது வெட்டுவதில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் அதிகம் பதிவுசெய்வது பறையை. வாசிப்பதற்கு முன் தீயில் காய்ச்சுவார்கள், தோல் விறைத்துக் குரல் ஏறும். அரை மணி நேரம் வாசித்தால் சூடு தணிந்து குரல் இறங்கிவிடும். அதனால் ஒரே பதிவின் தொடக்கத்தில் இருக்கும் அடியும் கடைசியில் இருக்கும் அடியும் வேறு வேறு வாத்தியம் மாதிரிக் கேட்கும். அப்புறம் இரண்டு குச்சி. கட்டையான அடிக்குச்சியின் அடி கம்ப்யூட்டர் திரையில் மலை மாதிரி எழும்பித் தெரியும். மெல்லிய சிம்புக்குச்சியின் தட்டு அதற்கு முன்னால் ஒரு கோடு தடித்த மாதிரி மட்டும் தெரியும். மென்பொருளைத் தானாகத் துண்டுபோடச் சொன்னால் அது மலைகளைப் பார்த்து வெட்டும். சிம்புக்குச்சியின் தட்டு முந்தைய துண்டின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். பேடைத் தட்டிப் பார்த்தால் அடி இருக்கும், ஆனால் பறை இருக்காது.

பெட்டியில் நான் செய்வது வேறு. பதிவை ஓடவிட்டு, கேட்டுக்கொண்டே, துண்டு தொடங்க வேண்டிய இடத்தில் பேடைத் தட்டுவேன். எம்பிசியிலும், எஸ்பி-404-இன் புதிய பதிப்பான எம்கே2-விலும் இது முடியும். தட்டிய இடத்தில் வெட்டு விழும். கை சில மில்லிவிநாடி முன்னே பின்னே போகும், அப்புறம் குமிழைத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதைக் காதுதான் தீர்மானித்திருக்கும். இதையே கம்ப்யூட்டரில் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். முன்னால் அவ்வளவு பெரிய திரை இருக்கும்போது கண் சும்மா இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

நேர் எதிரான உதாரணமும் என்னிடம் இருக்கிறது. ஒரு ஊர்த் திருவிழாவில் பதிவுசெய்த அருமையான தவில் பகுதி. நடுவில் ஒரு பைக் ஹாரன். பெட்டி அங்கே கையைவிரித்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஒலியின் அலைவரிசைகளைப் படமாக விரித்து, ஹாரன் இருந்த பட்டையை மட்டும் தேய்த்து எடுத்தேன். தவிலுக்கு ஏறக்குறைய சேதமே இல்லை. பழுது பார்க்கவும், நீளத்தை இழுக்கவும், சுருதி சேர்க்கவும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் எந்தப் பெட்டியும் நிற்க முடியாது.

தாளத்துக்கு வருவோம். எம்பிசியின் ஸ்விங்கில் ஏதோ மந்திரம் இருப்பதாகப் பேசுவார்கள். அது எளிய கணக்கு. நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் ஒரு அடியை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் சுமார் 167 மில்லிவிநாடி. இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது தட்டைக் கொஞ்சம் தாமதப்படுத்துவதுதான் ஸ்விங். 50 சதவீதம் என்றால் நேர். 54 என்றால் இரண்டாவது தட்டு 180-ஆவது மில்லிவிநாடியில் விழும். 66-இல் ஏறக்குறைய திஸ்ரமாகிவிடும், அதாவது மூன்று மூன்றாகப் பிரிந்த மாதிரி. வெறும் 13 மில்லிவிநாடி தள்ளினாலே தலை ஆடத் தொடங்கிவிடும் என்பதுதான் இதில் எனக்கு ஆச்சரியம். ஏபிள்டனில் எம்பிசியின் ஸ்விங் அளவுகள் (க்ரூவ்) அப்படியே கிடைக்கின்றன, எஃப்எல்லிலும் ஸ்விங் குமிழ் இருக்கிறது. இந்த விஷயத்தில் இரண்டும் சமம்.

சமமில்லாதது விரலுக்கும் ஒலிக்கும் இடையிலான தூரம். பெட்டியில் தட்டினால் உடனே பதில். கம்ப்யூட்டரில், ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் என்று ஒன்று நடுவில் நிற்கிறது. 44,100 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் வைத்தால் சுமார் 3 மில்லிவிநாடி, 512 வைத்தால் சுமார் 12. இதற்கு மேல் ஆடியோ இன்டர்ஃபேஸும் (ஒலியை உள்ளே வெளியே கொண்டுபோகும் கருவி) அதை இயக்கும் டிரைவரும் தங்கள் பங்கைச் சேர்க்கும். பாட்டில் ப்ளக்-இன் ஏற ஏற கம்ப்யூட்டர் திணறும், பஃபரைக் கூட்டுவோம், கை தளர்ந்து வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். விண்டோஸில், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் உள்ள ஒரு இன்டர்ஃபேஸ் இருந்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். ப்ளூடூத் ஹெட்போனில் மட்டும் பேட் வாசிக்காதீர்கள். அந்தத் தாமதத்தில் யாராலும் தாளம் பிடிக்க முடியாது.

நம் ஆட்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு. ஏழு எண்ணும் மிஸ்ர சாப்பு, ஐந்து எண்ணும் கண்ட சாப்பு போட முடியுமா? ஒரு சுற்றுக்குப் பதினாறு கட்டம் என்பது பல கருவிகளின் பிறவிக்குணம். டிஜிடாக்டில் ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனி நீளம் வைக்கலாம். ஒன்றை 14 கட்டத்தில் ஓடவிட்டு, மேலே இன்னொன்றை 16-இல் ஓடவிட்டால் இரண்டும் விலகி விலகிப் போய் மறுபடி கூடும் இடம் அவ்வளவு அழகு. கம்ப்யூட்டரில் கால அளவை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் சாப்பு தாளங்களுக்கு அது வசதி. கண்ட நடை, அதாவது ஒரு அடிக்குள் ஐந்து, வேண்டுமென்றால் நான் இரண்டிலுமே, தட்டுகளைத் தானாகக் கட்டத்துக்கு இழுக்கும் க்வான்டைஸை அணைத்துவிட்டு, "தகதகிட" என்று வாயில் சொல்லிக்கொண்டே கையால் வாசிக்கிறேன். கட்டத்தில் அடைத்துப் போட்டதைவிட அதுதான் உயிரோடு இருக்கிறது.

தற்செயலாக வருவதைப் பிடிப்பதில் எஸ்பி-404 எம்கே2 என் மனதை அள்ளிய பெட்டி. ஸ்கிப்-பேக் என்று ஒரு பொத்தான். பதிவை அழுத்தாமலே விளையாடிக்கொண்டிருந்தாலும், கடைசி 25 விநாடியில் என்ன கேட்டதோ அதை எஃபெக்டோடு சேர்த்துக் கொடுத்துவிடும். ஏபிள்டனிலும் கேப்ச்சர் உண்டு, ஆனால் அது பிடிப்பது வாசித்த சுரங்களை. பின்னால் திருத்த அது நல்லது. எஸ்பி தருவது சுட்டு முடித்த செங்கல் மாதிரி, திருத்த முடியாது. வைத்துக் கட்ட வேண்டியதுதான்.

அந்தத் தம்பியின் எழுபது ப்ராஜெக்டுக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் எதையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் கிக் ட்ரம்மை நாற்பது தடவை மாற்றுகிறோம். முதல் டிஜிடாக்டில் ஒரு ப்ராஜெக்டுக்கு 64 எம்பி, மோனோவில் சுமார் பதினொரு நிமிட ஒலி. எட்டு ஆடியோ ட்ராக். அவ்வளவுதான். உள்ளதை வைத்து முடிவெடுத்தாக வேண்டும். நான் முடித்த பீட்களில் பாதிக்கு மேல் பெட்டியில் தொடங்கியவை.

ஆனால் பாட்டாக முடிக்கும் கட்டத்தில் பெட்டி தொல்லை. ராப் பாடுகிறவர் ஒரு வரியை ஆறு தடவை பாடுவார், அதில் நல்ல சொற்களைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். மிக்ஸ் செய்பவருக்கு ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனிக் கோப்பாக அனுப்ப வேண்டும். இதெல்லாம் கம்ப்யூட்டரில் பத்து நிமிடம். சின்னப் பெட்டிகளில் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பதிவுசெய்து மாலையாகிவிடும். புதிய எம்பிசிகள் இதில் பரவாயில்லை.

மேடையில் நான் பெட்டியைத்தான் நம்புகிறேன். ஒரு கல்லூரி நிகழ்ச்சியில் பாட்டுக்கு நடுவே லேப்டாப் அப்டேட் ஆகத் தொடங்கி, திரை நீலமாகி, பாடிக்கொண்டிருந்த பையன் தாளமே இல்லாமல் நின்றான். அவன் முகம் இன்னும் நினைவிருக்கிறது. எஸ்பி-404 எம்கே2 ஆறு ஏஏ பேட்டரியிலோ பவர் பேங்கிலோ ஓடும், எம்பிசி லைவ் உள்ளேயே பேட்டரி வைத்திருக்கிறது. கரண்ட் போனாலும் கவலையில்லை.

காசு. லேப்டாப் ஏற்கெனவே இருந்தால் மென்பொருள் பக்கம்தான் மலிவு. ரீப்பர் தனிநபர் உரிமம் 60 டாலர். எஃப்எல் ஸ்டுடியோ ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்க அப்டேட் இலவசம். அதன் இலவசச் சோதனைப் பதிப்பில் சேமிக்கலாம், சேமித்ததைத் திரும்பத் திறக்கத்தான் முடியாது. எல்எம்எம்எஸ் என்ற மென்பொருள் முழுக்க இலவசம். பெட்டிக்கு இறக்குமதி வரி ஏறும், பழுதானால் பார்க்க ஆள் கிடைப்பதும் கஷ்டம். அதே சமயம் 1987-இன் எஸ்பி-1200 இன்றும் வேலை செய்கிறது. மென்பொருளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 2019-இல் மேக்ஓஎஸ் கேட்டலினா வந்தபோது 32 பிட் ப்ளக்-இன்கள் எல்லாம் ஒரே நாளில் திறக்காமல் போயின.

காசே இல்லையென்றால் கோலா என்ற செயலியைப் போனில் போட்டுப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும். போன் மைக்கிலேயே பதிவுசெய்து தட்டி வாசிக்கலாம். காதால் வெட்டும் பழக்கம் உங்களுக்குப் பிடிக்குமா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

தம்பிக்கு நான் சொல்வது இதுதான்: லேப்டாப்பை விற்காதே. புது எம்பிசிக்குப் போகாமல், பழைய எஸ்பி-404-ஓ டிஜிடாக்டோ கிடைத்தால் வாங்கு. பீட்டை அதில் தொடங்கு, உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு நிமிடத்துக்கு ஒரு வடிவம் கொடு, அப்புறம்தான் எஃப்எல்லுக்கு மாற்று. இன்னும் ஒரே ஒரு ப்ராஜெக்ட்கூட தொடங்காதவன் கேட்டிருந்தால், இருக்கிற கம்ப்யூட்டரோடு கம்ப்யூட்டரில் செருகித் தட்டும் ஒரு சின்ன பேட் கன்ட்ரோலர் மட்டும் போதும் என்றிருப்பேன்.

பழசு வாங்கப் போகும்போது சொந்த ஹெட்போனைக் கொண்டுபோங்கள். பதினாறு பேடையும் நடுவில் மட்டுமில்லாமல் நான்கு மூலையிலும் மெதுவாக ஒரு தடவை, பலமாக ஒரு தடவை தட்டிப் பாருங்கள். ஒரே தட்டுக்கு இரண்டு தடவை ஒலித்தால் சென்சார் தேய்ந்திருக்கிறது. குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு வருகிறதா, திரையில் எண் குதிக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே எதையாவது பதிவுசெய்து, அணைத்து, மறுபடி போட்டு, அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.