ஒரே வாட்டர்கலர் பெட்டியோடு மூன்று வருடங்கள்

12 ஹாஃப் பேன்கள் (காய்ந்த வண்ணம் நிரப்பிய குட்டிக் கிண்ணங்கள்) கொண்ட, ஆர்ட்டிஸ்ட் கிரேடு, அதாவது தொழில்முறை ஓவியர்களுக்கான தரத்திலுள்ள வாட்டர்கலர் பெட்டி ஒன்றை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஓவியம் எனக்குத் தொழில் இல்லை. வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம், விடுமுறை நாட்களில் காலையில் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். வாங்கிய புதிதில் இதைப் பற்றி எழுதியிருந்தால் நிறங்கள் எவ்வளவு பளிச்சென்று இருக்கின்றன என்று மட்டும் எழுதியிருப்பேன். இப்போது சொல்வதற்கு வேறு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன.

பெட்டியைத் திறந்து பார்த்தாலே என் பழக்கம் தெரிந்துவிடும். 12 பேன்களில் ஆறு அடித்தட்டு தெரியும்வரை கரைந்திருக்கின்றன, மற்ற ஆறில் பிரஷ் பட்ட தடமே குறைவு. அல்ட்ராமரைன் நீலம் மூன்று முறை தீர்ந்து, டியூபிலிருந்து நிரப்பிக்கொண்டேன். 5 மி.லி. டியூப் ஒன்று ஏறக்குறைய இரண்டு ஹாஃப் பேன்களுக்கு வரும். ஒரேயடியாகப் பிதுக்கி நிரப்பாமல், பாதி நிரப்பி நன்றாகக் காயவிட்டு மீதியை நிரப்புங்கள். வெடிப்பு அவ்வளவாக விழாது.

அடுத்து தீர்வது பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. இந்த இரண்டையும் கலந்தால் வரும் சாம்பல் நிறத்துக்காகவே இந்தப் பெட்டியை வைத்துக்கொள்வேன். நீலம் கூடினால் மழை மேகம், சியன்னா கூடினால் பழைய மரம். அல்ட்ராமரைனின் துகள்கள் தாளின் குழிகளில் போய் உட்கார்ந்துகொள்வதால், காய்ந்த பிறகு மணல் தூவியது போன்ற ஒரு சொரசொரப்பு கிடைக்கும். பெட்டியில் இருந்த கறுப்பை நான் தொட்டே இரண்டு வருடம் இருக்கும்.

ஆனால் இந்தப் பெட்டியின் அருமை தெரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது. காரணம் தாள். முதல் வருடம் முழுக்க மரக்கூழ் தாளில் வரைந்தேன். இரண்டாவது வாஷ் (தண்ணீரில் கரைத்துப் பூசும் வண்ணப் படலம்) போட்டால் முதல் வாஷ் கரைந்து எழும்பும், கொஞ்சம் தேய்த்தால் தாள் நூல் நூலாகப் பிரியும். என் கைதான் சரியில்லை என்று நினைத்து பிரஷ்களை மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகு 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமும் கோல்டு பிரஸ் எனப்படும் லேசான சொரசொரப்பும் உள்ள, நூறு சதவீதக் காட்டன் தாள் ஒன்றை எடுத்து, அதே பெட்டி, அதே பிரஷ்ஷோடு ஒரு வானம் போட்டேன். நீலம் மேலிருந்து கீழே ஒரு கோடுகூட விழாமல் இறங்கியது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: வண்ணத்தில் மிச்சம் பிடியுங்கள், தாளில் பிடிக்காதீர்கள்.

இந்த வருடம் செய்ததில் மனதுக்கு நெருக்கமானது ஜாடி வரிசை. பிரஷ் கழுவும் கண்ணாடி ஜாடியையே, அஞ்சலட்டை அளவில், தினம் ஒன்றாக 30 படங்கள் வரைந்தேன். முதல் பத்தும் ஏதோ சாய்ந்தது போலவே இருந்தன. பதினொன்றாம் நாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. ஜாடியின் வாயும் உள்ளே இருக்கும் நீர்மட்டமும் ஒரே நீள்வட்டம் இல்லை. கண் மட்டத்திலிருந்து கீழே இறங்க இறங்க நீள்வட்டம் உப்பிக்கொண்டே போகிறது. அப்புறம் ஜாடிக்குப் பின்னால் இருந்த ஜன்னல் சட்டம்: தண்ணீருக்கு மேலே பார்த்தால் அதன் இடத்திலேயே இருக்கிறது, தண்ணீர் வழியாகப் பார்த்தால் இடம் வலமாக மாறித் தெரிகிறது. அத்தனை நாள் அது என் கண்ணெதிரே இருந்தும் நான் பார்க்கவில்லை.

அந்த 30 நாட்களில் கற்ற இன்னொன்று, காத்திருப்பது. ஈரத் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பேன். கண்ணாடி போல மின்னினால், வைக்கும் வண்ணம் இஷ்டத்துக்கு ஓடும். மினுமினுப்பு பட்டுத்துணி அளவுக்கு அடங்கியதும் கெட்டியான வண்ணத்தை வைத்தால் ஓரம் மென்மையாக நின்றுவிடும். அந்த நேரத்தில் தண்ணியான வண்ணத்தோடு போனால் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை பூத்துவிடும், அதைத் திருத்த முடியாது. மினுமினுப்பு போன பிறகும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

இந்தப் பெட்டியில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். அக்காவுக்கு ரோஜாப் படம் ஒன்று வரைந்து கொடுத்திருந்தேன். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தாள். ஒன்றரை வருடம் கழித்து, "டேய், பூவெல்லாம் வெளுத்துப் போச்சுடா" என்றாள். போய்ப் பார்த்தேன். இலைகள் அப்படியே இருந்தன, இதழ்களின் நிழலில் இருந்த ஆழ்சிவப்பு மட்டும் வடிந்திருந்தது. பேனின் உறையைத் தேடி எடுத்துப் படித்தால், நிறமியைக் குறிக்கும் எண் பிஆர் 83, அதாவது அலிசரின் கிரிம்சன். 1868இல் ஆய்வகத்தில் உருவான சாயத்திலிருந்து வந்த நிறம், அழகு அதிகம், வெயில் ஆகாது. உறையிலேயே இருந்த எண்ணை நான் படிக்கவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் ஆர்ட்டிஸ்ட் கிரேடு என்று சொல்லும் பெட்டியில் இதை வைத்திருக்கவே கூடாது.

அன்றிலிருந்து எந்த வண்ணம் வாங்கினாலும் ஒரு பட்டை தீட்டி, பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒட்டிவிடுகிறேன். ஆறு மாதம் கழித்து அட்டையை எடுத்தால் தெரிந்துவிடும். அலிசரின் இருந்த இடத்தில் இப்போது குயினாக்ரிடோன் ரோஸ், பிவி 19, இருக்கிறது. என் ஜன்னலில் அது துளியும் மாறவில்லை. அக்காவுக்குப் புதுப் படமும் வரைந்து கொடுத்தாயிற்று. பழையதையும் திருப்பித் தர மாட்டேன் என்று வைத்துக்கொண்டாள்.

இப்போது அப்பாவின் கைகளை வரைந்துகொண்டிருக்கிறேன். பேப்பர் படிக்கும்போது அவர் கையை அசைக்க மாட்டார், அதுதான் எனக்கு வசதி. சியன்னாவும் ரோஸும் தோலுக்கு, நரம்பு மேடுகளின் நிழலுக்குத் துளி அல்ட்ராமரைன். நகத்தின் மினுப்புக்கு வெள்ளை வைக்காமல் தாளையே விட்டுவைக்கிறேன். இது ஏழாவது முயற்சி. நான்கு விரல்கள் வந்துவிட்டன. கட்டைவிரலின் வாஷ் இன்னும் காயவில்லை, புறங்கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது.