செயினை மாற்றியது நான், மிஸ்ஸிங்கைப் பிடித்தது அவர்: சுங்கை சிப்புட் பட்டறை ஒன்றைப் பற்றி

பட்டறையின் பெயரை எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளரே கேட்டுக்கொண்டார். வேலை பார்ப்பவர் அவர் ஒருவர்தான் என்பதால் கூட்டம் சேர்ந்தால் தாங்காது என்பது அவருடைய கணக்கு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், டவுனை விட்டுச் செம்பனைத் தோட்டம் தொடங்கும் இடத்தில், இரண்டு கார்களுக்கு மேல் நிறுத்த முடியாத தகரக் கொட்டகை என்று சொன்னால் உள்ளூர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும். அவருடைய தந்தை தோட்டத்தில் டிராக்டர்களைப் பழுது பார்த்தவர். மகனும் அங்கேயே தொழில் கற்று, பிறகு தனியாகப் பட்டறை வைத்திருக்கிறார்.

என்னுடையது 2009ஆம் ஆண்டு டொயோட்டா வியோஸ் கார். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கத்தில் சங்கிலி உரசும் ஓசை சில மாதங்களாகவே கேட்டுக்கொண்டிருந்ததால், பள்ளி விடுமுறையில் எஞ்சினுக்குள் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிகாட்டிப் பட்டைகள் ஆகியவற்றை வாங்கி, வீட்டுக் கார் கொட்டகையில் நான்கு நாள் உட்கார்ந்து நானே மாற்றினேன். பழைய செயினையும் புதியதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டபோது பழையது நீண்டிருப்பது கண்ணுக்கே தெரிந்தது. அதைப் பார்த்த பெருமை இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. ஓசை நின்றது உண்மைதான். ஆனால் வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கியது. மேட்டில் ஏற மறுத்தது. எஞ்சின் விளக்கு எரிந்தது, சில நேரம் மின்னவும் செய்தது. கையில் இருந்த, வண்டியின் கணினியிலிருந்து கோளாறு எண்களைப் படிக்கும் சிறிய ஓபிடி கருவி பி 0300, பி 0302, பி 0016 என்று மூன்று எண்களைக் காட்டியது. முதலாவது, எந்தச் சிலிண்டர் என்று குறிப்பிட முடியாமல் மாறி மாறி மிஸ் அடிப்பதை, அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் போவதைச் சொல்வது. அடுத்தது இரண்டாம் சிலிண்டரை மட்டும் சுட்டுவது. கடைசி எண்தான் வயிற்றைக் கலக்கியது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று இருக்க வேண்டிய நிலையில் இல்லை என்பது அதன் பொருள்.

முதலில் போனது வேறொரு பட்டறைக்கு. அங்கே பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் நான்கு காயில்களையும் மாற்ற வேண்டும், 720 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார்கள். பி 0016 பற்றிக் கேட்டேன். காயிலை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றே பதில் வந்தது. தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு அம்மாவை அழைத்துப் போக வேண்டியிருந்தும், ஏனோ சம்மதிக்க மனம் வரவில்லை.

தகரக் கொட்டகைக்காரர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேள்வி கேட்கத் தொடங்கினார். எவற்றையெல்லாம் கழற்றினேன், எதைப் புதிதாகப் போட்டேன், எதைப் பழையதாகவே திரும்பப் பூட்டினேன் என்று ஒவ்வொன்றாக விசாரித்தவர், கடைசியில், “செயினைப் போட்ட பிறகு கிராங்கைக் கையால் ரெண்டு சுத்து சுத்திப் பாத்தீங்களா, சார்?” என்றார். இல்லை என்றேன். செயினில் அடையாளத்துக்காக நிறம் பூசிய கண்ணிகள் சக்கரங்களின் குறிகளோடு பொருந்தியதைப் பார்த்த உடனேயே மூடியைப் பூட்டிவிட்டதாகவும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவர்மேல் மரியாதை பிறந்தது. விளக்கு மின்னும்போதும் பள்ளிக்கு ஓட்டிப் போனேன் என்று சொன்னபோதுதான் முகம் மாறியது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டில் எரியும், அந்தச் சூட்டில் அதன் தேன்கூடு போன்ற உட்பகுதியே உருகிப்போகலாம், ஆகவே விளக்கு மின்னினால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்று சற்றுக் கடுமையாகவே சொன்னார்.

அவர் வேலை செய்த வரிசையைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பட்டறைக்குக் காசு கொடுப்பதே அந்த வரிசைக்காகத்தான். மூன்று எண்களுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. டைமிங் பிசகியிருந்தால் நான்கு சிலிண்டரும் சேர்ந்து அவதிப்படும். ஒரு சிலிண்டர் மட்டும் தனியாக அழுதால் அதற்குத் தனிக் காரணம் இருக்கும் என்று பிரித்துக்கொண்டு, எளிதானதிலிருந்து தொடங்கினார். இரண்டாம் சிலிண்டரின் காயிலை நான்காவதற்கும் நான்காவதை இரண்டாவதற்கும் மாற்றிப் பூட்டி, எண்களை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். மீண்டும் பி 0302. அப்படியானால் காயிலில் குறை இல்லை. முதல் பட்டறையின் 720 வெள்ளி அந்தக் கால் மணி நேரத்தில் மிச்சமானது. அடுத்து பிளக்குகளை அதேபோல் இடம் மாற்றினார். இந்த முறை பி 0304 வந்தது. பிளக்கோடு குறையும் நான்காம் சிலிண்டருக்குக் குடிபோயிருந்தது.

அந்தப் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போன்ற விரிசல், அதன் மேல் பென்சிலால் கீறியது போன்ற கருங்கோடு. தீப்பொறி நுனிக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியாகவே வெளியே ஓடியிருக்கிறது. கிராங்க் லேசாகச் சுழல வேண்டும் என்பதற்காக நான் பிளக்குகளைக் கழற்றி வைத்தபோது ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டவன் நானேதான். பிளக் குழிக்குள் எண்ணெய் வேறு தேங்கியிருந்தது. டாப் கவருக்கு அடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டைப் பழையதாகவே பூட்டிய சிக்கனத்தின் பலன் அது.

புதிய பிளக்குகள் போட்டதும் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. பலர் இத்தோடு கையைக் கழுவியிருப்பார்கள்; நானும்கூட வீட்டுக்குப் புறப்படத் தயாராகத்தான் இருந்தேன். அவர் சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் மானியை எடுத்தார். எஞ்சினைச் சூடேற்றி, பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலையும் தீப்பொறியையும் துண்டித்துவிட்டு, பெடலை அடி வரை மிதிக்கச் சொல்லி ஸ்டார்ட்டரைச் சுழற்றினோம். வரிசையாக 125, 122, 124, 120 பிஎஸ்ஐ. ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி மறுபடி பார்த்தபோதும் முள் ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டியிருக்கும். ஒரு வால்வு வளைந்திருந்தால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் விழுந்திருக்கும். நான்கும் ஒன்றுபோல் குறைந்திருப்பதால், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகள் தாமதமாக மூடுகின்றன, உள்ளே வந்த காற்று அழுத்தப்படுவதற்கு முன்பே கொஞ்சம் திரும்பி ஓடுகிறது என்றார்.

டாப் கவரைத் திறந்து, கிராங்க் புல்லியைச் சுழியக் குறிக்குக் கொண்டுவந்தபோது, எக்ஸாஸ்ட் கேமின் குறி இருக்க வேண்டிய இடத்திலும் இன்டேக் கேமின் குறி ஒரு பல் பின்தங்கியும் நின்றன. இன்டேக் பக்கத்தில், வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும் விவிடி சக்கரம் இருப்பதால், அது பூட்டு நிலையில் இல்லாவிட்டாலும் குறி விலகித் தெரியலாம் என்று சொல்லி, அதைக் கையால் திருகிப் பார்த்துப் பூட்டியிருப்பதை உறுதி செய்தார். பிறகு இரண்டு கேம்களுக்கும் நடுவே உள்ள கண்ணிகளை எண்ணினோம். கணக்கில் ஒன்று பிசகியிருந்தது. எண்ணெய்க் கையோடு வேலை செய்த நான், நிறக் கண்ணிக்குப் பக்கத்துக் கண்ணியைக் குறியாக எடுத்திருக்கிறேன். கையால் இரண்டு சுற்று சுற்றியிருந்தால் மூடியைப் பூட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்கும். ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: அப்படிச் சுற்றிய பிறகு நிறக் கண்ணிகள் மறுபடி குறிகளுக்கு நேராக வந்து நிற்பதில்லை, அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அவை பூட்டும் நேரத்துக்கு மட்டுமே உதவுபவை. அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது சக்கரங்களின் குறிகளை.

முன் மூடியை மீண்டும் கழற்றிச் சரி செய்ய ஒன்றரை நாள் ஆனது. மூடியின் விளிம்பில் நான் தடவியிருந்த பசையைச் சுரண்டி எடுக்கவே பாதி நாள் போனது. “இவ்வளவு பசை எதுக்கு சார், தோசைக்குச் சட்னியா?” என்று மட்டும் கேட்டார். சரி செய்த பிறகு அழுத்தம் 186, 184, 187, 183 என்று வந்தது. வால்வு எதுவும் அடிபடவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவைப்படவில்லை.

செலவு: ஆய்வுக்கு 80 வெள்ளி, திறந்து மூடிய கூலி 380, நான்கு பிளக் 120, கேஸ்கெட்டும் பசையும் 95, எஞ்சின் எண்ணெய் 110, ஆக மொத்தம் 785. ஆய்வுக்குத் தனியாகக் காசு வாங்குவதைச் சிலர் குறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கண்டுபிடிப்பதற்குக் காசு கேட்காத இடத்தில் அந்தக் காசு தேவையில்லாத காயில்களில் போய் ஏறிக்கொள்கிறது.

குறைகளும் இருக்கின்றன. தொலைபேசியை எடுக்கவே மாட்டார். ரசீது கிடையாது, என் கணக்கை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதிக் கொடுத்தார். காரை ஏற்றும் மேடை இல்லாததால் அடிப்பக்க வேலைகள் இழுக்கும். புதுச் சாவியைப் பதிவு செய்வது போன்ற வேலைகளுக்கு ஈப்போவுக்குப் போகும்படி அவரே சொல்லிவிடுகிறார். நாள் சொன்னால் அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்வது நல்லது. எனக்கு வண்டி கைக்கு வந்தது தைப்பூசத்துக்கு முந்தின நாள் மாலை.

500 கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவரச் சொன்னார். போனபோது மூடியின் விளிம்பில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, கருவியில் எண்கள் எதுவும் இல்லை என்பதைக் காட்டிவிட்டு, காசு வாங்காமல் அனுப்பினார். விரிசல் விட்ட அந்தப் பிளக்கை மட்டும் திருப்பித் தரவில்லை. சன்னல் திட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய பிளக்குகளின் வரிசையில் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மதியம் கடை நெடுநேரம் மூடியிருக்கும், ஞாயிறு முழு நாளும் அடைப்பு. போவதாக இருந்தால் காலை ஒன்பதுக்குள், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். குளிர்ந்த எஞ்சினின் முதல் ஓசையைக் கேட்காமல் அவர் எதையும் தொடுவதில்லை.