முதல் வேலைக்கு ஸ்வான் எப்படி? அலைக்கணிப்பு மென்பொருள் ஒரு மதிப்புரை

கடற்கரைப் பொறியியலில் புதிதாகச் சேரும் இளம்பெண்ணின் மேசைக்கு முதலில் வரும் கேள்விகளில் ஒன்று இது: ஆழ்கடலில் அலை 3 மீட்டர், தடுப்புச்சுவர் வரப்போகும் இடத்தில் எவ்வளவு? பல அலுவலகங்களில் இதற்கு ஸ்வானைத்தான் திறப்பார்கள். ஆழ்கடல் அலை கரையை நெருங்கும்போது எப்படி மாறும் என்று கணக்கிடும் இந்த மென்பொருள், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. மூலநிரலோடு இலவசம் என்பதால் அலுவலகத்தின் உரிமச் சாவியை வேறொருவர் பயன்படுத்தி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், சொந்த மடிக்கணினியிலேயே பழகிக்கொள்ளலாம். புதியவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

பொத்தான், பட்டியல் என்று எதுவும் கிடையாது. ஒரு கட்டளைக் கோப்பு, ஓர் ஆழத் தரவுக் கோப்பு, அவ்வளவுதான். பார்க்க வறண்டதாக இருந்தாலும், எந்த எண்ணை எங்கே கொடுத்தோம் என்று ஆறு மாதம் கழித்தும் வரிவரியாகக் காட்ட முடியும். கூட்டத்தில் மூத்தவர் யாராவது “இந்த 1.8 மீட்டர் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டால், அந்தக் கோப்பே பதில் சொல்லும்.

இதன் பெரிய குறை, தப்பான உள்ளீட்டுக்கும் முகம் சுளிக்காமல் ஓடி முடிப்பதுதான். ஸ்வானில் ஆழம் கீழ்நோக்கி நேர்க்குறி, நிலம் எதிர்க்குறி. அளவைக் குழு தரும் கோப்பில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும். அப்படியே கொடுத்தால் மலை கடலாகும், கடல் நிலமாகும். தரவை வாசிக்கும் கட்டளையில் பெருக்குக் காரணியை -1 என்று கொடுத்தால் தீர்ந்தது. இதைவிட நயவஞ்சகமானது, கோப்பிலுள்ள எண்களை எந்த மூலையிலிருந்து வாசிப்பது என்று சொல்லும் வரிசை எண். அது 1 என்றால் கோப்பின் முதல் எண்ணை வரைபடத்தின் மேல் இடது மூலையில் வைக்கும், 3 என்றால் கீழ் இடது மூலையில். மாற்றிக் கொடுத்தால் கடற்கரை வடக்கு தெற்காகப் புரண்டுவிடும், ஆனாலும் முடிவு பார்க்க அழகாகவே வரும். அதனால் அலையைக் கணக்கிடும் முன்பு, ஸ்வான் வாசித்த ஆழத்தையே வெளியீடாகக் கேட்டு, வரைந்து, கடல் வரைபடத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

திசையிலும் இதே வம்பு. எதுவும் சொல்லாவிட்டால் ஸ்வான் கணித முறையை எடுத்துக்கொள்ளும்: அலை போகும் திசை, கிடை அச்சிலிருந்து இடஞ்சுழியாக. மிதவைத் தரவு தருவதோ அலை வரும் திசை, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக. மேற்கிலிருந்து வரும் அலைக்கு 270 என்று எழுதிவிட்டு மிதவையின் முறைக்கு மாற்றும் நாட்டிகல் கட்டளையை மறந்தால், அந்த அலை தெற்கு நோக்கி ஓடும். திசைப் பரவலை, அதாவது அலைகள் முதன்மைத் திசையிலிருந்து இருபுறமும் எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் கொடுக்கும்போதும் கவனம். அதை டிகிரியாகவும் கொடுக்கலாம், கோசைனின் அடுக்காகவும் கொடுக்கலாம். அடுக்கு 2 என்பது ஏறத்தாழ 31.5 டிகிரி. டிகிரி என்று நினைத்து அடுக்கின் இடத்தில் 30 போட்டால் பரவல் ஏறத்தாழ 10 டிகிரிக்குச் சுருங்கிவிடும்.

திசைப் பிரிப்பு, அதாவது திசைகளை எத்தனை டிகிரித் துண்டுகளாக வெட்டுவது என்பது: அங்கேயே வீசும் காற்று எழுப்பும் காற்றலைக்கு 10 டிகிரி போதும், தொலைவிலிருந்து வரும் ஸ்வெல் என்ற நீண்ட அலைக்கு 2 முதல் 5 வரை வேண்டும். கணக்கில் சேர்க்கும் மிகக் குறைந்த அதிர்வெண், உச்ச அதிர்வெண்ணின் (அலையாற்றல் மிக அதிகமாக உள்ள அதிர்வெண்) 0.7 மடங்குக்குக் கீழே இருக்கட்டும், மிக உயர்ந்தது அதன் 2.5 முதல் 3 மடங்கு வரை போகட்டும். கணக்கிடும் பரப்பின் மேல் விரிக்கும் கட்டத்தின் பக்க எல்லைகளில் அலை கொடுக்காவிட்டால் அங்கே அலையே இல்லை என்று ஸ்வான் எடுத்துக்கொள்ளும், அந்தப் பிழை முக்கோணமாக உள்ளே பரவும். காற்றலையில் அந்தக் கோணம் 30 முதல் 45 டிகிரி. எனவே நமக்கு வேண்டிய இடம் அந்த முக்கோணத்துக்கு வெளியே விழும் அளவுக்குக் கட்டத்தைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். நேரம் மிச்சம் என்று இங்கே கஞ்சத்தனம் பண்ணுவதுதான் புதியவர்களிடம் அதிகம் காணும் தவறு.

ஓடி முடிந்ததும் ஓட்டத்தின் பதிவான பிரிண்ட் கோப்பின் கடைசிப் பகுதியைத் திறக்காமல் படம் வரையாதீர்கள். நீருள்ள புள்ளிகளில் 99.5 சதவீதம் ஒருங்க வேண்டும் (சுற்றுக்குச் சுற்று விடை மாறாமல் நிலைக்க வேண்டும்) என்பது இயல்பான நிபந்தனை, அதிகபட்சம் 50 சுற்று. 50-வது சுற்றில் 96 சதவீதத்தோடு நின்றாலும் முடிவுக் கோப்பு வந்துவிடும். நிலத்தில் அலை உயரம் -9 என்று வரும் (மதிப்பு இல்லை என்பதன் குறி அது), அதை நீக்காமல் சராசரி எடுத்தால் அபத்தம். உச்ச அலைக்காலம் படிப்படியாகத் தாவித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது அதிர்வெண் பிரிப்பின் விளைவு. மென்மையாக்கிய வடிவத்தைக் கேட்டு வாங்கலாம். அலை உடைதலுக்கு உள்ளமைந்த உயர-ஆழ விகிதம் 0.73, அதாவது 2 மீட்டர் ஆழத்தில் மிக உயர்ந்த அலை 1.46 மீட்டர். அங்கே 3 மீட்டர் வந்தால் தரவில்தான் கோளாறு. கடலடித்தரை அலையாற்றலைக் குறைக்கும் அளவான அடித்தள உராய்வு எண்ணைக் கோப்பில் வெளிப்படையாக எழுதிவையுங்கள். பழைய பதிப்புகள் காற்றலைக்கு 0.067 கொண்டிருந்தன, இப்போது இயல்பாக 0.038.

துறைமுகத்தின் உள்ளே அலை எதிரொலித்து நிற்பதைக் கணிக்க இது வேண்டாம். ஸ்வான் அலையின் ஆற்றலைக் கணக்கிடுகிறதே தவிர, முகடு முகடாகப் பின்தொடர்வதில்லை. தடுப்புச்சுவரின் முனையைச் சுற்றி அலை வளைந்து உள்ளே நுழையும் விளிம்பு வளைவுக்கு ஒரு தோராயம் உண்டு, உள்துறைமுகத்துக்கு அது போதாது. அதற்கு, ஒவ்வொரு முகட்டையும் பின்தொடரும் பூசினெஸ்க் வகை மாடலைத் தேடுங்கள்.

பெண்ணைக் கணினி முன் உட்காரவைத்து அளவைப் படகில் ஆண்களை மட்டும் ஏற்றும் அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே வாதாடியாவது படகில் ஏறுங்கள். ஆழம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்தா, வரைபட அடிமட்டத்திலிருந்தா (கடல் வரைபடங்கள் ஆழத்தை அளக்கும் தாழ்ந்த நீர்மட்டம்) என்று நேரில் கேட்டுக் குறித்துக்கொள்ள அதுதான் வாய்ப்பு. ஸ்வானுக்கு அந்த வேறுபாடு தெரியாது. கரையோரம் 3 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் இந்த மட்டம் 1 மீட்டர் பிசகினால், உடையும் அலையின் உயரமும் அதே விகிதத்தில் பிசகும்.