பெட்டியில் வரும் டெலிகாஸ்டர்: கிட் கிட்டார் எதற்கு லாயக்கு?

டெலிகாஸ்டர் என்ற ஃபெண்டர் மாடலின் வடிவில், பாகங்களை வாங்கி நாமே பூட்டி எடுக்கும் எலெக்ட்ரிக் கிட்டார் கிட்டை ஆன்லைனில் தேடினால் பல கடைப் பெயர்கள் வரும். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சரக்குதான்: பாஸ்வுட் பாடி, மேப்பிள் நெக், கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் இரண்டு சிங்கிள் காயில் பிக்கப், கம்பிகளைப் பாடியில் தாங்கும் பிரிட்ஜ் தகடு, கம்பியை முறுக்கும் ஆறு ட்யூனர், கன்ட்ரோல் பிளேட், ஒரு பை நிறைய ஸ்க்ரூ. மலிவாக ஒரு கிட்டார் கிடைக்கும் என்பதற்காக இதை வாங்காதீர்கள். கிட் விலையோடு உப்புத்தாள், லேக்கர், தின்னர், நல்ல நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் காடித் துண்டு), நல்ல சுவிட்ச் என்று கூட்டிப் பார்த்தால், கடையில் மாட்டியிருக்கும் ஆரம்பநிலை கிட்டாரின் விலையே வந்துவிடும். கிட்டாரை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு மட்டும் இது கொடுத்த காசுக்கு மேலேயே தரும். அதுவும் நெக் ஒழுங்காக வந்திருந்தால்.

எத்தனையோ வடிவங்களில் கிட் வந்தாலும் டெலிகாஸ்டரைச் சொல்லக் காரணம் இருக்கிறது. லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1950-இல் அவர் கொண்டுவந்த இந்தக் கிட்டாரில் நெக்கைப் பசை போட்டு ஒட்டவில்லை. நாலு ஸ்க்ரூவில் முடுக்கினார். கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டலாம். பாடி ஒரு தட்டைப் பலகை, வயரிங் முழுக்க ஒரே தகட்டின் அடியில். முதன்முதலாகக் கை வைப்பவருக்கு இதைவிட எளிதான கிட்டார் அமையாது.

ஹெட்ஸ்டாக் (ட்யூனர்கள் மாட்டும் நெக்கின் தலை) வெட்டப்படாமல் வெறும் பலகையாக வந்திருப்பதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பாடி வடிவத்துக்கு வணிக முத்திரை கேட்ட ஃபெண்டர் நிறுவனத்தின் விண்ணப்பத்தை அமெரிக்க வணிக முத்திரை வாரியம் 2009-இல் மறுத்தது. ஹெட்ஸ்டாக் வடிவம் மட்டும் இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதனால் பாடியை அதே வடிவில் விற்பவர்களும் தலையை உங்கள் கையில் விட்டுவிடுகிறார்கள். அட்டையில் வரைந்து, வெட்டி, ட்யூனர்களை வைத்துப் பார்த்துவிட்டு கோப்பிங் ரம்பத்தால் அறுங்கள். ட்யூனரின் அடித்தகடு மரத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டாதபடி இடம் விட்டால் போதும்.

பெட்டி வந்த அன்றே பார்க்க வேண்டியது நெக். 45 செ.மீ. நீளமுள்ள நேரான எஃகு ஸ்கேலை ஃப்ரெட்களின் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மேல் நெடுக்காக நிறுத்தி, பின்னால் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். நடுவில் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தால் பயமில்லை. நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியை ஆலன் கீயால் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினால் நேராகிவிடும். இறுக்கியும் அசையவில்லை என்றாலோ, பாடிப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது நட்டும் கடைசி ஃப்ரெட்டும் இணையாகத் தெரியவில்லை என்றாலோ திருப்பி அனுப்புங்கள். முறுக்கிய நெக்கை வீட்டில் வைத்து நேராக்க முடியாது. கிட்டில் மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். நெக்கை மாற்றினால் கிட் வாங்கியதற்கே அர்த்தமில்லை.

அடுத்தது ஃப்ரெட். மூன்று ஃப்ரெட்டை மட்டும் தொடுகிற அளவுக்கு ஒரு நேர்விளிம்புத் துண்டை வைத்து ஆட்டிப் பாருங்கள். டக் டக்கென்று ஆடினால் நடு ஃப்ரெட் உயரமாக நிற்கிறது. உடனே அரம் எடுக்க வேண்டாம். அந்த ஃப்ரெட்டை விரலால் அழுத்தினால் அமுங்குகிறதா? அமுங்கினால் அது காடியில் சரியாக உட்காரவில்லை. ஃபெவிக்விக் போன்ற நீர்த்த பசை ஒரு சொட்டு ஓரத்தில் விட்டு, மரக்கட்டை வைத்துக் கிளாம்பில் இறுக்கினால் சரியாகிவிடும். அமுங்காத ஃப்ரெட்கள் பல இருந்தால்தான் லெவலிங், அதாவது எல்லா ஃப்ரெட்டையும் ஒரே உயரத்துக்குத் தேய்ப்பது. முதலில் நெக்கை நேராக்குங்கள், எல்லா ஃப்ரெட் தலையிலும் மார்க்கரால் கோடு போடுங்கள், 400 எண் உப்புத்தாள் ஒட்டிய தட்டையான கட்டையை நீளவாக்கில் ஓட்டுங்கள். எல்லாக் கோடும் தொடப்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். பிறகு ஃப்ரெட் அரத்தால் மீண்டும் முதுகு வளைவு கொடுத்து 600, 1000, 2000 தாள்களால் மெருகேற்றுங்கள். இந்த வளைவை விட்டுவிட்டால் கம்பி தட்டையான பரப்பில் படுத்து, சிதார் போல ரீங்காரமிடும்.

நெக் தேறிவிட்டால், பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் மொத்தத்தையும் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட வேண்டும். பெயின்ட் அடித்த பாடியை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை அளந்தால் 324 மி.மீ. வரும். அங்கிருந்து மெல்லிய இ கம்பியின் சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும், முன்பின் நகர்த்தக்கூடிய துண்டு) வரையும் அதே 324 வர வேண்டும், அதுவும் சேடில் முன்பக்கமாக நிற்கும்போது. தடித்த கம்பிகளுக்குச் சில மி.மீ. பின்னால் நகர இடம் தேவைப்படும். இரண்டு ஓரக் கம்பிகளுக்குப் பதில் நூல் கட்டிப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் நூலுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கிட்களில் அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நெக் ஸ்க்ரூவின் மரை நெக்கில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். பாடியில் உள்ள துளை ஸ்க்ரூ தடையில்லாமல் நழுவிப் போகும் அளவுக்கு இருக்க வேண்டும். பாடித் துளையும் சிறிதாக இருந்தால் மரை இரண்டிலும் கடித்துக்கொள்ளும், எவ்வளவு முடுக்கினாலும் நடுவில் தாள் அகல இடைவெளி நிற்கும். பாடித் துளையை 4.5 மி.மீ. பிட்டால் பெரிதாக்குங்கள், நெக் துளை 3.2 மி.மீ. இருக்கட்டும், ஸ்க்ரூ மரையில் மெழுகு தேயுங்கள். ட்யூனர் ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ. துளை போடாமல் முடுக்கினால் மேப்பிளில் தலை முறிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும்.

பாலிஷ் வேலையில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். பாடியை 180, 240, 320 எண் உப்புத்தாள்களால் மர ரேகையின் போக்கிலேயே தேய்த்துவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள். ஈரம் ஏறாமல் வெளிறித் தெரியும் திட்டுகள் இருந்தால் அங்கே தொழிற்சாலைப் பசையோ சீலரோ (மரத்தை அடைக்கும் அடிப்பூச்சு) ஒட்டியிருக்கிறது. சாயம் அங்கே ஏறவே ஏறாது. மேலே அலை அலையாக ரேகை ஓடும் மேப்பிள் படலம் ஒட்டிய பாடி என்றால் மெஷின் வேண்டவே வேண்டாம், கையால் 320 மட்டும். அந்தப் படலம் ஒரு மி.மீ. கூட இருக்காது, விளிம்பில் ஒரு நிமிடத்தில் அடிமரம் வந்துவிடும். பாஸ்வுட் சாயத்தைத் திட்டுத்திட்டாகக் குடிக்கும். அதற்கு ஒளிபுகாத ஒற்றை நிறமே நல்லது. ரேகை தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஆஷ் பாடி கிட்டைத் தேடுங்கள், கூடவே ரேகைக் குழிகளை அடைக்கும் ஃபில்லரும் வாங்குங்கள்.

நம்மூர் ஹார்டுவேர் கடைகளில் எளிதாகக் கிடைப்பது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சாண்டிங் சீலரும் என்.சி. லேக்கரும்தான், அதுவே போதும். நெக் பாக்கெட்டின், அதாவது பாடியில் நெக் உட்காரும் குழியின் உட்புறத்தை டேப்பால் மூடுங்கள். அங்கே லேக்கர் ஏறினால் நெக் உள்ளே போகாது, தள்ளினால் ஓரம் விண்டுவிடும். நெக் துளைகளில் ஒரு கட்டையை முடுக்கினால் பிடித்துத் திருப்பவும் தொங்கவிடவும் வசதி. சீலர் மூன்று கோட், காய்ந்ததும் 320, பிறகு நிறம், அதற்கு மேல் நிறமற்ற லேக்கர் ஆறிலிருந்து எட்டு கோட். கோட்டுக்குக் கோட் ஒரு மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து, லேக்கர் பால் போல வெளுத்துவிடும். வெயில் ஏறிய பிறகு அடிப்பது ஒரு வழி, தின்னரில் ரிடார்டர் (ஆவியாவதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலப்பது இன்னொரு வழி. ஏற்கெனவே வெளுத்திருந்தால் ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லிய மூட்டமாக மேலே அடியுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். என்.சி. புகை சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்போ விளக்கோ எரியும் பக்கம் போகக் கூடாது. கரிவடிகட்டி உள்ள மாஸ்க் போடுங்கள், துணி மாஸ்க் இதற்கு உதவாது.

கடைசிக் கோட்டுக்குப் பிறகு மூன்று, நான்கு வாரம் தொடாமல் விடுங்கள். மூக்கருகே கொண்டுபோனால் தின்னர் வாசம் அடிக்கும் வரை அது ஆறவில்லை. அதற்குள் தேய்த்துப் பளபளப்பாக்கினால், லேக்கர் சுருங்கச் சுருங்க ரேகைக் குழிகள் மறுபடி மேலே தெரியும். ஆறியதும் 1000, 1500, 2000 நீர்த்தாள், பிறகு கார் பாலிஷ் காம்பவுண்ட். ஸ்க்ரூ துளைகளில் மெழுகு அடைத்துவிட்டுத் தண்ணீர் வையுங்கள். துளைக்குள் நீர் போனால் மரம் ஊதி, லேக்கர் சுற்றிலும் வெடிக்கும். விளிம்புகளை விட்டுவிடுங்கள், முதலில் தேய்ந்துபோவது அவைதான். நெக்கின் பின்பக்கத்துக்கு லேக்கரைவிட டங் ஆயில் இரண்டு மூன்று கை பூசுவது கைக்கு இதமாக இருக்கும். ரோஸ்வுட் விரல்பலகைக்கு எண்ணெய் மட்டும். மேப்பிள் விரல்பலகை என்றால் லேக்கர் கட்டாயம், இல்லாவிட்டால் அழுக்கு உள்ளே இறங்கிக் கறுத்துவிடும்.

கிட்டோடு வரும் எலெக்ட்ரிக்கல் பாகங்கள் சுமார்தான். சால்டரே வேண்டாம் என்று விற்கும் கனெக்டர்கள் நாளடைவில் தளர்கின்றன. வெட்டிவிட்டுச் சால்டர் செய்யுங்கள். வால்யூம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியிலுள்ள பாகம்) முதுகில் கிரவுண்ட் வயர் பிடிக்க 25 வாட் அயர்ன் போதாது, 60 வாட் வேண்டும். சால்டர் வைக்கும் முன் அந்த இடத்தை உப்புத்தாளால் உரசுங்கள். பாட்டின் மேல் எழுதியிருக்கும் எழுத்தைப் பாருங்கள்: பி என்றிருந்தால் லீனியர், வால்யூமைக் குறைக்கும்போது பாதிச் சுற்று வரை ஒன்றும் நடக்காதது போலிருந்து கடைசியில் திடுமென விழும். ஏ 250கே வாங்கி மாற்றுங்கள். டோனுக்கு 473 என்று அச்சிட்ட 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் சரியாக இருக்கும்.

கம்பி பூட்டும் முன் ஒரு கேபிளை ஜாக்கில் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டர் வையுங்கள். வால்யூம் முழுதாகத் திறந்திருக்க, பிக்கப் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ ஓம் காட்டும். சுவிட்ச் நடு நிலையில் இருக்கும்போது இரண்டும் இணையாகச் சேர்வதால் பாதியாகும். ஒன்றுமே காட்டாவிட்டால் வயர் அறுந்திருக்கிறது, பூஜ்யம் காட்டினால் எங்கோ ஷார்ட்.

நடு நிலையில் சத்தம் மெலிந்து, மூக்கால் பாடுவது போல ஒலித்தால் இரண்டு பிக்கப்பும் எதிர்க் கட்டத்தில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் சிக்னல் ஏறும்போது மற்றதன் சிக்னல் இறங்குகிறது. ஒன்றின் இரண்டு வயர்களை மாற்றிப் போட்டால் தீரும் என்பார்கள். டெலிகாஸ்டரில் அது அவ்வளவு நேரடியாக நடக்காது. நெக் பிக்கப்பின் உலோக மூடி கிரவுண்ட் வயரோடு பிணைந்திருக்கும். அதை அப்படியே மாற்றினால் மூடியே சிக்னல் முனையாகி, கை பட்டாலே இரையும். பிரிட்ஜ் பிக்கப்பின் அடியில் தகடு இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அது ஸ்க்ரூ வழியாகப் பிரிட்ஜைத் தொட்டுச் சத்தத்தையே அடைத்துவிடும். எதை மாற்றினாலும் அந்தச் சிறு இணைப்பு வயரை வெட்டி, மூடிக்கோ தகட்டுக்கோ தனிக் கிரவுண்ட் கொடுத்துவிட்டு மாற்றுங்கள். பிரிட்ஜின் அடியிலிருந்து வால்யூம் பாட்டுக்குப் போகும் கிரவுண்ட் வயரை மறந்தால் இரைச்சல் நிற்காது. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதென்றால் வயரிங் சரி, குழிகளுக்குள் தாமிரப் படல டேப் ஒட்டினால் இன்னும் குறையும்.

செட்டப்புக்கு, அதாவது வாசிக்கத் தோதாகச் சரிசெய்ய, 10–46 தடிமன் கம்பி போட்டு ட்யூன் செய்துவிட்டு, முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்தி 8-ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.25 மி.மீ. இடைவெளி வரும்படி ட்ரஸ் ராடைத் திருப்புங்கள். 17-ஆவது ஃப்ரெட்டில் கம்பி உயரம் 1.6 மி.மீ. சேடிலை முழுதாக இறக்கியும் கம்பி உயரமாகவே நின்றால் நெக் பாக்கெட்டின் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் ஒரு விசிட்டிங் கார்டு துண்டு. 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரம், அங்கேயே கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள். சுருதி நிற்காவிட்டால் ட்யூனரைத் திட்டும் முன் நட்டைப் பாருங்கள். கிட்டில் வரும் பிளாஸ்டிக் நட்டில் கம்பி சிக்கிக்கொள்கிறது. எலும்பு நட் வாங்கி, நட் அரம் இல்லையென்றால் கேஸ் வெல்டிங் நாசில் துடைக்கும் கம்பி அரங்களால் காடி போடலாம். வெல்டிங் சாமான் கடையில் செட்டாகவே விற்கிறார்கள்.

இதே விற்பனையாளர்கள் லெஸ் பால் (கிப்சன் நிறுவனத்தின் மாடல்) வடிவ கிட்டும் விற்கிறார்கள், படத்தில் அதுதான் அழகாக இருக்கும். நெக்கைப் பசை போட்டு ஒட்டும் வகை என்றால் முதல் முயற்சிக்கு அது வேண்டாம். அங்கே நெக்கின் சாய்வும் நேர்கோடும் கிளாம்ப் இறுக்கும் அந்தச் சில நிமிடங்களில் முடிவாகிவிடும். பசை காய்ந்த பிறகு ஒரு டிகிரி பிசகு தெரிந்தால், விசிட்டிங் கார்டு செருகக்கூட இடமிருக்காது.