சொனோரா பாலைவனத்தில் தீக்கடைய: வில்லா, வெறுங்கையா?

அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் விரியும் சொனோராவில், மே, ஜூன் மாதங்களில் பட்டுப்போன தண்டில் ஈரம் பேருக்குக்கூட இருக்காது. அந்தப் பருவத்தில் வெறுங்கையால் கடைவதுதான் சிக்கனம். அங்குள்ள பழங்குடிகளின் வழக்கமும் அதுவாகவே இருந்தது. அதற்காக வில் பாலைக்கு அந்நியமில்லை: எகிப்தில் 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துத்தன்காமுன் கல்லறையில் வில்லால் சுழற்றும் தீக்கடைகோலும் இருந்தது.

கைமுறைக்கு இரண்டே பொருள் போதும். சுண்டுவிரல் பருமனில், 45–60 செ.மீ. நீளத்தில் யூக்கா அல்லது சோட்டோல் என்னும் பாலைச் செடியின் நேரான பூந்தண்டு. அதே இனத்துத் தடித்த தண்டைப் பிளந்து 1 செ.மீ. கனத்துக்குச் சீவிய அடிப்பலகை, அதில் தண்டின் நுனி சுழல ஒரு சிறு குழி. கோணல் தண்டு குழியை விட்டுத் துள்ளும். உருட்டிக்கொண்டே கீழே இறங்கிய கைகள் உடனே உச்சிக்குத் திரும்ப வேண்டும், தாமதித்தால் குழியின் சூடு ஆறிவிடும். பழகாத உள்ளங்கையில் கங்கு பிறக்குமுன் கொப்புளம் வந்துவிடும்.

வில்முறையில் கை தப்பும், ஆனால் உறுப்புகள் கூடும். கட்டைவிரல் பருமனில் 20 செ.மீ. கடைகோல், 1.5 செ.மீ. கனப் பலகை, கை நீளத்துக்கு விறைப்பான வில், மேலே அழுத்திப் பிடிக்க இயற்கையாகக் குழிவிழுந்த கல். கோலின் மேல்முனையைக் கூராக்கிக் கொழுப்பு தடவுங்கள். இல்லையென்றால் உழைப்பில் பாதி அங்கேயே வீணாகும். எல்லாவற்றையும்விட, கோலைச் சுற்றி ஓடும் வில்லின் கயிறுதான் தீர்மானிக்கிறது. பூட்ஸ் கயிறு இருந்தால், புதியவர்கள் யோசிக்காமல் வில்லையே எடுக்கலாம். யூக்கா நாரைத் திரித்துத்தான் ஆகவேண்டும் என்றால் கணக்கு மாறும்: மெல்லிய கயிறு கோலில் உரசி அறுந்துவிடும், பென்சில் பருமனுக்குத் திரிக்க மணிக்கணக்காகும். அந்த நேரத்தில் கைமுறையைப் பலமுறை முயன்று பார்க்கலாம்.

ஜூலையில் பருவமழை தொடங்கி மரம் ஈரம் குடித்தபின் நிலைமை தலைகீழ். அழுத்தமும் வேகமும் விடாமல் தருகிற வில்தான் அப்போது கைகொடுக்கும்.

பலகையின் ஓரத்திலிருந்து குழியின் நடுவை எட்டும், குழி வட்டத்தில் எட்டிலொரு பங்கு அளவுள்ள ஆப்பு வடிவ வெட்டு இரண்டு முறைக்கும் பொது. அந்த வெட்டில் விழும் பொடியைப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் சூடு போதவில்லை, அழுத்தத்தையோ வேகத்தையோ கூட்டுங்கள். கரடுமுரடாகச் சுருண்டு விழுந்தால் அழுத்தம் அதிகம், வேகம் குறைவு. கறுத்து, நயமாக விழுவதே சரியான பொடி. கோல் கிறீச்சிட்டால் குழி வழுவழுப்பாகிவிட்டது. சுரண்டிவிடுங்கள், சிட்டிகை மணலும் போடலாம். நிழலில் கடையுங்கள், நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்தாலே பொடி கெட்டுவிடும்.

கோலை எடுத்த பின்னும் பொடிக்குவியலிலிருந்து தானாகப் புகை வந்தால் கங்கு பிடித்துவிட்டது. உடனே ஊதாதீர்கள், கலைந்துவிடும். அரை நிமிடம் விட்டு, கசக்கிய யூக்கா நார்க்கூட்டில் மெதுவாக இறக்கிய பிறகு ஊதுங்கள்.