மதுரை வெயிலில் காளான் பவளம்: சில வருஷ அனுபவம்

கடல் தொட்டி வைக்க ஆசைப்படும் மதுரைக்காரர்களுக்கு நான் சொல்வது, முதல் பவளம் மஷ்ரூமாக, அதாவது காளான் பவளமாக இருக்கட்டும் என்பதுதான். அதில் டிஸ்கோசோமா, ரோடாக்டிஸ், ரிக்கார்டியா என்ற மூன்று வகைகளும் சில வருஷமாக எங்கள் வீட்டுக் கூடத்துத் தொட்டியில் இருக்கின்றன. சாகடிப்பது கஷ்டம், அடக்கி வைப்பதுதான் பெரும்பாடு.

இதற்குச் சுண்ணாம்புக் கூடு கிடையாது. அதனால் கால்சியம், காரத்தன்மை என்று தினமும் அளந்து ஊற்றும் வேலை மிச்சம். ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினால் போதும். சாப்பாட்டில் பெரும்பங்கை உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசியே வெளிச்சத்தை வைத்துத் தயாரித்துவிடும். அதற்காக விலை கூடிய எல்.இ.டி.க்கு நேர் கீழே வைத்தால் சுருங்கிக்கொள்ளும். மணல் ஓரம், பாறை நிழல், மெதுவான நீரோட்டம், அங்கேதான் நன்றாக விரிகிறது. மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட் 10, 15 பி.பி.எம். என்று இருந்தாலும் கவலைப்படுவதில்லை.

நம் ஊரில் சிக்கல் தண்ணீரும் வெயிலும்தான். போர் தண்ணீரை நினைத்தே பார்க்காதீர்கள். வீட்டு ஆர்.ஓ.விலும் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் திருகு இருக்கும். அதை மூடிவிட்டு, பின்னால் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. குழாயும் மாட்டி, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகே கடல் தொட்டிக்கான உப்பைக் கலக்கிறேன்.

சித்திரை, வைகாசியில் சும்மா விட்டால் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போய்விடும். எனக்கு வேண்டியது 25 முதல் 27. தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் வாங்க மனசு வரவில்லை. தண்ணீர் மேல் காற்றடிக்கும் சின்ன ஃபேன் 2, 3 டிகிரி இறக்கும். மிச்சத்துக்கு மதியம் ஏ.சி. ஃபேன் விஷயத்தில் கடலோரக்காரர்களைவிட நமக்கு அதிர்ஷ்டம்: காற்று வறண்டிருப்பதால் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது, நன்றாகவே குளிர்கிறது. ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். குறைந்த அளவை வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் தினமும் நிரப்ப வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப்.

சரி, அடக்குவது எப்படி? மஷ்ரூம் நகரும்போது அடிப்பாதத்தின் துணுக்குகளை விட்டுப் போகும். ஒவ்வொன்றும் புதுசாக முளைக்கும். ரோடாக்டிஸ் பக்கத்துப் பவளத்தைக் கொட்டிவிட்டு இடத்தைப் பிடிக்கும். பிளேடால் சுரண்டினால் மிச்சத்திலிருந்து மறுபடி வரும். ஆகவே மணல் நடுவே தனிக் கல், அதில்தான் ரோடாக்டிஸுக்கு இடம். ரிக்கார்டியா நிதானம், அழகும் அதிகம், விலையும் அப்படித்தான். பெருக்குவதற்காக வெட்டிய மஷ்ரூம் துண்டு வழவழப்பால் பசையில் ஒட்டாது. சின்னக் கற்கள் போட்ட டம்ளரில் விட்டு வலை கட்டினால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

ராமேஸ்வரம் போகிறவர்களிடம் 'ஒரு பவளக் கல் எடுத்து வா' என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. எலும்புக்கூடு உள்ள கல் பவளங்கள் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. காய்ந்த துண்டு வைத்திருந்தாலும் வழக்குதான். மஷ்ரூம் அந்த வகையில் சேராது, இருந்தாலும் கடையில் பில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், யானைக்காது மஷ்ரூம் மட்டும் சின்ன மீன் இருக்கும் தொட்டிக்கு வேண்டாம். பை மாதிரி மூடி மீனை விழுங்கிவிடும்.